அடுப்படிக்கு எட்டிய குரல்

"இல்லை தம்பி, இது அவர் குரலே இல்லை. யாரோ கிணத்துக்குள்ள உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு."

கூம்புக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. மரத்தில் கூம்பு ஸ்பீக்கர் செய்வதில் பெயரெடுத்தவர் அவர். சொந்தப் பெயரையே ஊர் மறந்துபோய்க் கூம்புக்காரர் என்றுதான் கூப்பிடும். இந்த ஒரு கூம்பை மட்டும் நாற்பது நாள் இழைத்திருந்தார். அதைப் போய்க் கிணறு என்றால் கோபம் வருமா வராதா?

"அக்கா, கூம்புல ஒரு குறையும் கிடையாது. இந்தக் குறுகலான பக்கம்தான் தொண்டை. இங்க புறப்படுற சின்னச் சத்தம் படிப்படியா விரிஞ்சு, வாய்க்கு வரும்போது ஆள் நேர்ல பேசுற மாதிரி இருக்கும். உங்க அறைதான் அதைக் கெடுக்குது" என்று சொல்லிவிட்டு அறை நடுவில் நின்று கையை ஒரு தட்டு தட்டினார். 'டங்ங்' என்று இழுத்துக்கொண்டு போய் அடங்கியது. "பார்த்தீங்களா? மொட்டைச் சுவர், வழவழன்னு தரை, கண்ணாடி ஜன்னல். பேச்சு எல்லாத்துலயும் முட்டிட்டுத் திரும்பி வருது. இங்க துணியும் கம்பளமும் போட்டாத்தான் சரிப்படும்."

"என்ன வேணும்னாலும் பண்ணுங்க தம்பி. ஆறு மாசமாச்சு அந்தக் குரலைக் கேட்டு. ஒரே ஒரு தடவை, அவர் நிஜமா என்னைக் கூப்பிடுற மாதிரி இருந்தாப் போதும்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. கூம்புக்காரருக்கு இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பாவம், இந்த வயதில் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாரே மனுஷன் என்று மனசு அடித்துக்கொண்டது. அவளிடம் மிச்சம் இருந்தது போனில் பதிவாகியிருந்த ஆறே வார்த்தைகள்தான்: "இந்தா, இங்க வாயேன்... என் கண்ணாடியைப் பார்த்தியா?"

கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார் ஒரு பெரியவர். ஒத்தாசைக்கு வந்திருக்கும் அவளுடைய அண்ணனாக இருக்க வேண்டும். நல்ல உழைப்பாளிதான், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆசாமி போலிருக்கிறது. "ஜன்னலுக்குத் திரை போட்டுடலாமா ஐயா?" என்று கேட்டால் ஒரு தலையாட்டல். "அந்த மேஜையை நகர்த்தலாமா?" அதற்கும் அதே தலையாட்டல்.

கம்பளம் விரித்து, திரை தொங்கவிட்டு, புத்தக அலமாரியைப் பக்கச் சுவரோரம் தள்ளி, கூம்புக்கு எதிரே ஆறடி தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார் கூம்புக்காரர். குரல் அத்தனை தெளிவு. பேசியவர் மூச்சு இழுத்தது கூடக் கேட்டது.

"எப்படி அக்கா?" என்று பெருமையாகத் திரும்பினால் அவளைக் காணோம். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பவும் இல்லை தம்பி. இப்போ ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு."

"நான் இங்க உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறேன், நீங்க உள்ள போய் நின்னுக்கிட்டா எப்படி? இந்த நாற்காலியில வந்து உட்கார்ந்து கேளுங்க."

"அங்க உட்கார்ந்து நான் என்னைக்குத் தம்பி கேட்டேன்? அவர் மேஜைல இருந்து கூப்பிடுவார், நான் இங்க ஏதாவது கழுவிட்டு நிப்பேன். இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்கவே இல்லையே!"

கூம்புக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பாட்டுக் கேட்கிறவர்களுக்குச் செய்து செய்து, எந்த வீட்டுக்குப் போனாலும் எதிரே நாற்காலி போட்டே பழகிவிட்டது. இந்த வீட்டில் கேட்கிற காது அடுத்த அறையில் அல்லவா இருக்கிறது? அவள் இத்தனை வருஷமும் கேட்டது, இந்த மொட்டைச் சுவரில் முட்டி, கதவிடுக்கு வழியாக நுழைந்து வந்த குரல். அந்த முட்டலைத்தான் அவர் கம்பளம் போட்டுக் கொன்றிருக்கிறார்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க ஐயா!"

திரை இறங்கியது, கம்பளம் சுருண்டது, அலமாரியும் மேஜையும் பழைய இடத்துக்குப் போயின. கூம்பை மேஜைமேல் ஏற்றி, வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கதவைப் பாதி சாத்தினார். போனைப் பெரியவர் கையில் கொடுத்து, "நான் கை காட்டினதும் தட்டுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றார். பெரியவர் மேஜை முன்னால் உட்கார்ந்தார். அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கூம்புக்காரர் தைரியம் சொன்னார்.

அடுப்படியில் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கூம்புக்காரர் கை காட்டினார்.

"இந்தா, இங்க வாயேன்... என் கண்ணாடியைப் பார்த்தியா?"

"இதோ வந்துட்டேன்! ஜன்னல்கிட்டதான் வச்சிருப்பீங்க, நல்லாப் பாருங்க!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தண்ணீரை அப்படியே ஓடவிட்டு, ஈரக் கையோடு ஓடி வந்தாள். கூம்புக்காரர் கதவோரத்திலிருந்து விலகி வழிவிட்டார். இல்லாத மனுஷனுக்குப் பதில் சொல்லிவிட்டாளே, இனி இவளை எப்படித் தேற்றுவது என்று தவித்துப்போய் நின்றார்.

அவள் கூம்பின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே போய், மேஜை முன்னால் அழுதுகொண்டிருந்த பெரியவரின் கன்னத்தை ஈரக் கையால் துடைத்தாள்.

"ஆபரேஷன்ல இவர் குரல்வளையை எடுத்துட்டாங்க தம்பி. கூப்பிடுறதுக்குப் பதிலா பின்னால வந்து தோளைத் தொட்டா நான் திடுக்கிடுறேன்னு, என்னைக் கூப்பிடுறதையே விட்டுட்டார்."