விரல் ஒன்று

லிங்கநகரில் போன் திருத்தும் நிருஜாவுக்கு அன்று அது பன்னிரண்டாவது போன். சல்லிக் கிராமத்து இரத்தினேஸ்வரி கொண்டுவந்தது. போன மாரியில் அவள் கணவன் அதை வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை.

"ஃபைல் சிஸ்டத்தை, அதான் போன் எல்லாத்தையும் சேமிச்சு வைக்கிற முறையை, மாத்தினால் வேகம் வரும், அக்கா. ஆனால் உள்ளுக்க இருக்கிற எல்லாம் அழிஞ்சிடும்."

"ஓம், அழியட்டும். படங்களைப் பார்த்துப் பார்த்து நானும் களைச்சுப் போனன்."

நிருஜா சேமிப்புப் பகுதிகளை அழித்து மாற்றினாள். எல்லாம் காலி. போனைத் திறக்கும் கைரேகைப் பட்டியலில் மட்டும், இரத்தினேஸ்வரியின் கணவன் பதிந்த 'விரல் 1' இருந்தது. அதை நீக்கி, மறுபடியும் முழுவதையும் அழித்தாள். விரல் மறுபடியும் இருந்தது.

"விடுங்கோ தங்கச்சி. அவர் சொன்னாக் கேக்கிற ஆளில்லை."

யாரும் தொடாமல் மேசையில் கிடந்த போன் மெல்ல அதிர்ந்தது. திரையில் எழுத்து வந்தது: 'விரல் ஈரமாக உள்ளது. துடைத்துவிட்டு மீண்டும் வையுங்கள்.'