ஓணான் சங்கத்தின் தீர்ப்பு

பாம்பு வந்துபோகும் பொந்தை நல்ல பொந்து என்று சொல்லி அணிலின் தலையில் கட்டியது ஒரு தரகு ஓணான். அங்கே குட்டியைப் பறிகொடுத்த அணில், தரகர் சங்கத்தில் புகார் செய்தது. சங்கத்திலும் ஓணான்களே இருந்தன. மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு அணிலைக் கூப்பிட்டன.

"உன் புகார் உண்மைதான் அம்மா. அவனைக் கண்டித்துவிட்டோம்," என்றது தலைமை ஓணான்.

"அதை எல்லோருக்கும் சொல்லுங்கள் ஐயா."

"தொழில் செய்கிறவன் மானம் போகாதா? நமக்குள்ளேயே இருக்கட்டும். நீயும் வாயைத் திறக்காதே."

மற்ற ஓணான்கள் தலையாட்டின.

அணில் திரும்பி வரும் வழியில், அதே பொந்தின் வாசலில் அதே ஓணான், முட்டையிட இடம் தேடிவந்த மைனாவிடம் அளந்துகொண்டிருந்தது. "காற்றோட்டமான இடம் அக்கா. முன்பு இருந்தவள் ராசியாக வாழ்ந்தாள்."

"முன்பு இருந்தவள் நான்தான்," என்ற அணில், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. மைனா பறந்துவிட்டது.

அன்று மாலையே சங்கம் கூடியது. ரகசியம் காக்காத அணிலுக்கு இந்தத் தோப்பில் எந்தத் தரகரும் பொந்து காட்டக் கூடாது என்று தீர்மானித்து, மரத்துக்கு மரம் ஏறி அறிவித்தது.

"அப்படி என்னதான் சொன்னாய்?" என்று கேட்டுக்கொண்டு தோப்பே அணிலிடம் வந்தது. அணில் முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது.