துணைக்கு வந்தவர்

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். அப்பாவைத்தான் நீங்க சரி பண்ணணும்."

மனநல ஆலோசகரின் அறைக்குள் வந்ததும் வராததுமாகப் போட்டு உடைத்துவிட்டாள் அவள். அப்பா வெளியே வராந்தாவில் காத்திருந்தார், மகளுக்குத் துணையாக வந்த மனிதராக.

ஆலோசகர் சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. கதவைச் சாத்தலாமா, திறந்தே இருக்கட்டுமா என்று கேட்டார். மின்விசிறி போடக்கூட அனுமதி கேட்டார். எந்த நாற்காலி வேண்டும் என்றதற்கு, எதுவானாலும் சரி என்று சொல்லிக்கொண்டே வாசல் தெரிகிற மூலை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள் அவள்.

போன வருடம் நாற்சந்தியில் ஒரு லாரி அவர்கள் காரின் விலாவில் வந்து மோதியது. ஓட்டியவர் அப்பா, பக்கத்தில் அவள். தையலோடும் கட்டோடும் இருவரும் தப்பித்தார்கள். காரும் பழுது பார்த்து வந்துவிட்டது. அப்பாதான் அதைத் தொடவில்லை. உறை போட்டு மூடிவிட்டு, அவளைக் கல்லூரியில் விட அவளோடு பஸ் ஏறினார். ராத்திரியில் எழுந்து வீட்டுக்குள் நடந்தார். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவினார். யாரிடமாவது போய்ப் பேசலாமே என்றால், "எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்.

பதினேழு வயதுப் பெண்ணிடமா அந்த ஜம்பம் பலிக்கும்? ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரிடம் போய் நின்றாள். "எனக்குத்தான்ப்பா பயமா இருக்கு. தனியாப் போக மாட்டேன், நீங்களும் வாங்க." அப்பா மறுபேச்சு பேசாமல் சட்டையை மாட்டினார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா, ஏனோ ஒரு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

"நீ சொன்னது இந்த ரூமைத் தாண்டாது," என்றார் ஆலோசகர். "ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் நீயே சொல்லிடணும்."

அடுத்து அப்பா உள்ளே போனார். சும்மா துணைக்கு வந்தவருக்கு அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்தவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். "ஏசி காத்து ஒத்துக்கலம்மா," என்றார். அந்த அறையில் ஏசியே கிடையாது.

அதன் பிறகு எப்போதும் இருவருமாகத்தான் போனார்கள். என்ன நடந்தது, சொல்லு என்று ஆலோசகர் தோண்டித் துருவவே இல்லை. பயம் வந்தால் பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றவும், கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகச் சொல்லவும், மூச்சை மெதுவாக விடவும் பழக்கினார். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார்.

அப்பாவை நம்ப வைக்க வேண்டுமே, அவளும் நடிப்பில் குறை வைக்கவில்லை. மூச்சுப் பயிற்சியில் விரல்கள் தாமாகவே நடுங்கின. ஒரு முறை அழுகைகூட வந்தது, கிளிசரின் இல்லாமலே. வீடு திரும்பும்வரை தன் திறமையை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

பிறகு காரின் உறையைக் கழற்றினார்கள். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். இன்னொரு நாள் என்ஜினை உயிர்ப்பித்தார்கள். பிறகு தெருவை ஒரு சுற்று. ஒவ்வொரு தடவையும் அப்பா, "போதுமாம்மா, நிறுத்திடலாமா?" என்று கேட்டார். பாவம், தனக்கு வேண்டியதை என் தலையில் கட்டுகிறார் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கடைசியில் அந்த நாற்சந்தி. சிவப்பு விளக்கில் நின்றபோது ஒரு லாரி உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. அப்பாவின் நெற்றியெல்லாம் வியர்வை. ஆனாலும் அவர் லாரியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். அவள் பாதத்தை அழுத்தி ஊன்றி, "மருந்துக் கடை போர்டு, நீலக் குடை, சைக்கிள்..." என்று முணுமுணுத்தாள். எல்லாம் அப்பாவுக்கு ஞாபகப்படுத்தத்தான். பச்சை விழுந்தது. தாண்டினார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

ஆலோசனை மையத்தின் வாசலில் கார் வந்து நின்றபோது ஆலோசகரே வெளியே வந்துவிட்டார். வெற்றி பெற்ற தெம்பில் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பா, ஒரு உண்மை சொல்றேன், திட்டக் கூடாது. எனக்கு ஒண்ணுமே இல்ல. உங்களை இங்க வரவைக்கத்தான் அத்தனை நாளும் நடிச்சேன்."

அப்பா திடுக்கிடவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காதைச் சொறிந்தார்.

"நீங்களே சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா இவ நம்ப மாட்டா."

ஆலோசகர் அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீ எழுந்து போனதும், வாசல் தெரியிற அதே நாற்காலியாப் பார்த்து உட்கார்ந்து அப்பாவும் இதையேதான் சொன்னார்: 'எனக்கு ஒண்ணுமில்ல மேடம். பொண்ணைத்தான் நீங்க சரி பண்ணணும். ராத்திரி தூக்கத்துல அலறுறா, நான் எழுந்து போய்த் தலையைத் தடவிக் கொடுத்தாத்தான் அடங்குறா. காலையில கேட்டா, நல்லாத் தூங்கினேன்கிறா.'"