ஏசி ஓடாத வீடு

“ஏங்க, ஏசியைப் போடச் சொன்னா இருந்த லைட்டையும் அணைச்சுட்டு வர்றீங்க! பெண் வீட்டுக்காரங்க முதல் தடவையா வந்து உக்காந்திருக்காங்க.”

சமையலறைக்குள் கணவரை இழுத்துவந்து பல்லைக் கடித்தாள் அவள்.

அவர் கைபேசியை நீட்டினார். மின்சார நிறுவனத்தின் செய்தி. ‘இன்று மாலை மின்தேவை மிக அதிகம். உங்கள் வீட்டு பேட்டரியில் உள்ள மின்சாரத்தைத் தந்து உதவுங்கள்.’

“சம்மதம்னு அழுத்திட்டேன். பகல் முழுக்க மொட்டைமாடி சோலார்ல சேர்ந்தது. ஏசி போட்டா அதுவே மொத்தத்தையும் குடிச்சிடும். நாம கொடுக்கலைன்னா எங்கயோ ஒரு தெரு இருட்டாகும்.”

“தெரு வெளிச்சமா இருக்கட்டும். உங்க பையன் மட்டும் கல்யாணம் இல்லாம நிக்கட்டும்!”

கூடத்தில் ஒற்றை விளக்கு. மின்விசிறி ஏனோதானோவென்று சுற்றியது. புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, மகன் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தான்.

“ஏசி ரிப்பேரா?” கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார் பெண்ணின் அப்பா.

அவள் ‘ஆமா’ என்பதற்குள் கணவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பேட்டரி விற்பவர்கூட அவரிடம் தோற்றுப்போவார்.

விருந்தினர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போச்சு. கஞ்சக் குடும்பம் என்று முடிவு கட்டியாயிற்று. அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்க பொண்ணு வரவே இல்லையே. அப்படி என்ன தலைபோற வேலை?”

“கிளம்புற நேரத்துல ஆபீஸ்ல கூப்பிட்டுட்டாங்க அண்ணி. புடவையை மாத்திக்கிட்டு ஓடிட்டா” என்றாள் பெண்ணின் அம்மா.

“இன்ஜினியருக்கு இந்நேரத்துல என்ன அவசரமாம்?”

பெண்ணின் அப்பா எழுந்தார். “அந்தச் செய்தியை ஒரு தடவை காட்டுங்க” என்று வாங்கிப் படித்தார். படித்ததும் கைபேசியை மனைவி பக்கம் நீட்டினார்.

“ஊருக்கே கரன்ட் பிரிச்சுக் கொடுக்கிற கண்ட்ரோல் ரூம்ல இன்னிக்கு எங்க பொண்ணுதான் பொறுப்பு. ‘தான் வேர்வையில உக்காந்துக்கிட்டு அடுத்தவங்களுக்கு யாருப்பா கொடுப்பாங்க’ன்னு புலம்பிக்கிட்டே போனா. இதை அனுப்பினவ அவதான்.”

பையனின் அம்மா விருட்டென்று எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.

“அடியேய், இருந்த காத்தும் போச்சே!” என்று பதறினார் கணவர்.

“மருமக கேட்டிருக்கா. நீங்க பாட்டுக்கு ஃபேனைச் சுத்தவிட்டு உக்காந்திருக்கீங்க!”