குடித்தவர் வாயை மூடக்கூடாது

குவளையை வாயருகே கொண்டுபோவதற்குள்ளேயே புளிப்பு கும்ஜாவின் மூக்கில் ஏறிவிட்டது.

ஒரு மிடறு விழுங்கினாள். தொண்டையை நகத்தால் கீறிக்கொண்டு இறங்கியது. பீர் கெட்டுப்போயிருந்தது. கொஞ்சநஞ்சமாக அல்ல.

எதிரே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள் ஓக்பூன். அவள் வீட்டு மொட்டைமாடி, அவள் காய்ச்சிய பீர். கீழே பூசான் துறைமுகத்தின்மேல் இலையுதிர்கால வெயில் மெத்தென்று படிந்திருந்தது.

"அபாரம்க்கா! கடைப் பீரெல்லாம் இதுகிட்ட நிக்குமா?" என்றான் தல்சூ. கப்பல் பட்டறையில் வெல்டர். தீப்பொறிக்கு அஞ்சாதவன், ஓக்பூனின் முகத்தைப் பார்க்காமல் சுட்ட மீனை நார்நாராகக் கிழித்துக்கொண்டிருந்தான்.

மியோங்ரே அவனையும் மிஞ்சினாள். காலிக் குவளையை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.

வீட்டிலேயே பீர் காய்ச்சக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட நால்வர் அவர்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஒருவர் காய்ச்சியதை எல்லோரும் குடிப்பார்கள். சட்டம் ஒன்றே ஒன்று. ஊற்றியவர் வாயைத் திறக்கக்கூடாது, குடித்தவர் வாயை மூடக்கூடாது.

சட்டம் போட்டவளே ஓக்பூன்தான். கும்ஜாவின் முதல் பீரைக் குடித்துவிட்டு, "என்னடி, சாக்ஸ் ஊறவெச்ச தண்ணியை வடிகட்டாம ஊத்திட்டியா?" என்று கேட்டுக் கெக்கெக்கென்று சிரித்தவள். கும்ஜா இரண்டு மாதம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் வந்தாள், வீம்போடு, நல்ல பீரோடு.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் ஓக்பூனின் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. வாசனை இல்லை. நாக்கில் ருசியும் இல்லை. கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்டாலும் ஒன்றும் தெரியவில்லை.

பானைகளை விற்றுவிடலாம் என்றார் கணவர்.

மூக்குதானே போச்சு, கை போகலையே என்று மறுவாரமே அடுப்பை மூட்டினாள் ஓக்பூன்.

அதன்பிறகு அந்த மனிதர் அவளுக்குத் தெரியாமல் மூவருக்கும் போன் செய்தார். படுக்கையில் திரும்பிக்கொண்டு அழுகிறாளாம். அவளுக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதானாம். எதை ஊற்றினாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டுமாம்.

சொன்னார்கள். சப்பென்று இருந்ததையும் நன்றாக இருக்கிறது என்றார்கள், தீய்ந்து நாறியதையும் அப்படியே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஓக்பூன் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கெக்கெக் சிரிப்பு பிறகு வரவேயில்லை. அதையும் காய்ச்சலின் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

"நீ ஒண்ணும் சொல்லலையேடி" என்றாள் ஓக்பூன்.

மேசைக்கடியில் மியோங்ரே கும்ஜாவின் காலை மிதித்தாள்.

மிதித்ததுதான் தாமதம், கும்ஜாவுக்குள் ஏதோ திமிறிக்கொண்டு எழுந்தது. கைப்பிள்ளைக்குக் கஞ்சி புகட்டுவதுபோல் இவளுக்குப் பொய்யைப் புகட்டிக்கொண்டே இருப்பதா? இவளுக்கா? மீன்சந்தையில் நாலு தரகர்களை ஒற்றை ஆளாக நின்று விரட்டியவளுக்கா?

எழுந்து போய்க் குவளையை மாடியின் மழைநீர்க் குழாயில் கவிழ்த்தாள். திரும்பி வந்தாள். தல்சூவின் கையில் இருந்ததையும் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

"நாசமாப் போச்சுடி உன் பீரு! ஊறுகாய் போடக்கூட ஆகாது. பாத்திரத்தை ஒழுங்காக் கழுவினியா, இல்ல நாய் நக்கினதோட விட்டுட்டியா?"

தல்சூ பதறி எழுந்துவிட்டான். மியோங்ரே முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

ஓக்பூன் அசையவில்லை. உதடு மட்டும் துடித்தது.

கும்ஜா கண்ணைத் தாழ்த்தவில்லை. இத்தனை வருட நட்பு போனால் போகட்டும். இவளை உயிரோடு வைத்துக்கொண்டே இழவு கொண்டாட இனி ஒரு ஞாயிறும் தான் வருவதாக இல்லை.

அப்போது அது வந்தது. முதலில் தொண்டைக்குள் ஒரு கரகரப்பு. பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் விருட்டென்று பறக்கும்படி ஒரு கெக்கெக் சிரிப்பு. ஓக்பூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது.

துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரிய புட்டி ஒன்றும் கழுவிய குவளைகள் நான்கும் கொண்டுவந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மூடியைத் திறந்து ஊற்றினாள். தேன் நிறத்தில் இறங்கி, வெள்ளை நுரை விளிம்பு வரை வந்து நின்றது.

தன் குவளையை எடுத்தாள். குடிக்கவில்லை. மூக்குக்குக் கீழே பிடித்துக் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

"நாரத்தைத் தோலு கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு" என்றாள்.

மற்ற மூவரும் இன்னும் குவளையைத் தொட்டிருக்கவேயில்லை.

கும்ஜாதான் கேட்டாள், வாசனை எப்போதிலிருந்து தெரிகிறது என்று.

"மழைக்காலத்துலேர்ந்து" என்றாள் ஓக்பூன். "கெட்டதையே ஊத்தி, யாரு நிசத்தைச் சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். குடிங்க."