நொதி சேர்க்காத தகடு

சாகும் செல்களில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகும், அந்தத் துண்டுகளில் பச்சைச் சாயத்தை ஒரு நொதி ஒட்டவைக்கும். சரிபார்க்க, நொதி சேர்க்காமல் செல்கள் பரப்பிய ஒரு கண்ணாடித் தகடு வைப்போம். சாயம் ஒட்டாமல் அது இருட்டாகவே இருக்கவேண்டும். எங்கள் க்ளூஜ் நகர ஆய்வகத்தில் அதற்கு என் தோழி இலிங்காவின் தோல் செல்கள்தான் வழக்கம்.

அன்று மதியம் நுண்ணோக்கியில் அவை பச்சையாக ஒளிர்ந்தன.

“நொதிய ஊத்திட்டு மறந்திருப்படி. காலைல காப்பில உப்பு போட்டவதானே நீ,” என்றாள் இலிங்கா.

அவளே மறுபடி செய்தாள். நொதிப் புட்டி குளிர்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மறுபடியும் பச்சை.

“விடு, அழகாத்தான் இருக்கு,” என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேன். அந்த விளக்கொளி படாமல் சாயம் தானாக ஒளிராது, தகடு இருண்டது. ஜன்னலில்லாத அந்த அறையின் கும்மிருட்டில் இலிங்கா கையுறைகளைக் கழற்றிவிட்டுச் சுவரில் சுவிட்சைத் தேடினாள்.

அவள் விரல்கள் தேடுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, பச்சையாக.