நாற்பத்தேழில் முடியும் எண்

சண்முகப்ரியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டே கீபோர்டைத் தட்டினாள். உட்கார்ந்தால் வேகம் குறைகிறதாம்.

மணி ஐந்து இருபது. ஆறு மணிக்கு மேல் தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையிலிருந்து யானை இறங்கும். மூன்று நாளாக இறங்குகிறது.

யானை வந்தால் தோட்டத்து ஆட்களுக்கு போன் அடிக்கும் செயலி ஒன்றை அவளும் ஸ்டீவும் பீளமேட்டு ஆபீசில் உட்கார்ந்து உருவாக்கியிருந்தார்கள். சர்வே எண் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. அதனால் அழைப்பில் தோட்டத்தின் பெயரையே சொல்லும். பெரிய தோட்டம், கிணத்துத் தோட்டம், மேக்காலத் தோட்டம்.

ஆயிரத்து அறுநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் ஒன்பது நாளாக வாசலிலேயே நிற்கிறார்.

தினமும் ஐந்தரைக்கு மேல், வேலை விட்டு வரும் நேரத்தில், தோட்டக்காரராக, அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரராக, பதிய முயல்கிறார். ‘இந்த எண் ஏற்கெனவே உள்ளது’ என்று செயலி விரட்டிவிடுகிறது. மறுநாள் மறுபடி வருகிறார். போன் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்தான் திரையில் தெரியும். நாற்பத்தேழு. மற்றதையெல்லாம் மறைத்து வைத்தவளும் அவளேதான்.

இன்று மத்தியானம்தான் காரணம் பிடிபட்டது.

தப்பு அவளுடையது. நிரலில் ‘ஆள்’ என்று ஒரு தாய் கிளாஸ் எழுதி, தோட்டக்காரர், கூலிக்காரர், காவலர் மூன்றையும் அதன் பிள்ளைகளாக இன்ஹெரிட் செய்ய வைத்திருந்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒருவர் ஒன்றாகத்தான் இருக்க முடியும். கூலிக்காரர் என்று பதிந்தவர் கடைசிவரை கூலிக்காரர்; அதே போன் எண்ணில் தோட்டக்காரராக முடியாது. வேலை செய்யும் தோட்டத்துக்கு யானை வந்தால் அவருக்கு போன் அடிக்கும். சொந்த நிலத்துக்கு வந்தால் அடிக்காது.

கூலிக்குப் போகிறவருக்குச் சொந்தமாக நிலமும் இருக்கும் என்று எழுதும்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. சோதனைக்காக அவள் சேர்த்த முதல் கூலிக்காரரே அவளுடைய அப்பா கந்தப்பன்தான். பெரிய தோட்டத்தில் முப்பது வருட வேலை.

“ஏனுங்க ப்ரியா, திங்கக்கெழம பாத்துக்கலாமுங்க,” என்றார் ஸ்டீவ்.

“அதுவரைக்கும் யானை பொறுத்துக்குமாங்ணா?”

ஸ்டீவ் டீ வாங்கப் போனார்.

இன்ஹெரிட்டன்ஸ் மொத்தத்தையும் பிடுங்கி எறிந்தாள். என்ன சுகம்! ஆள் இனி வெறும் ஆள். அவருக்கு வேலைகள் உண்டு, தோட்டங்கள் உண்டு. அசோசியேஷன் போட்டுத் தொடுத்துவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

பழைய ஆட்களைப் பதிவேட்டின் புது டேபிளுக்கு மாற்றினாள். டெஸ்ட்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சை காட்டின. ஒன்று மட்டும் சிவப்பு. அதைத் திட்டிக்கொண்டே சரிசெய்தாள். அதுவும் பச்சை.

ஐந்து நாற்பத்தொன்றுக்குத் திருத்திய செயலியை ஏற்றிவிட்டாள்.

அப்புறம்தான் பயம் வந்தது. ஒன்பது நாள் விரட்டிய இடத்துக்குப் பத்தாம் நாளும் யார் வருவார்கள்? அவருக்கு என்ன பயிரோ, எத்தனை நாள் உழைப்போ. டீ ஆறி ஏடு கட்டியது.

ஐந்து ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு.

“வந்துட்டாருங்ணா!”

செயலி இந்த முறை விரட்டவில்லை. ‘பதிவு முடிந்தது’ என்று திரையில் பச்சையாக விழுந்ததும் அவள் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது. ஸ்டீவ் கைதட்டினார். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களும் காரணம் தெரியாமலேயே கைதட்டினார்கள்.

“யாருங்க அந்தப் புண்ணியவான்?” என்றார் ஸ்டீவ்.

அவள் பதிவைத் திறந்தாள்.

பெயர்: கந்தப்பன்.

தினமும் போனில் “சாப்டியா கண்ணு” என்று கேட்கிற மனுஷன், ஒன்பது நாளாக இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன் விடவில்லை என்பது கீழே போகப் போகத்தான் அவளுக்குப் புரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. திரையை ஸ்டீவ் பக்கம் திருப்பினாள்.

வேலை: கூலி, பெரிய தோட்டம்.

சொந்த நிலம்: எழுபது சென்ட், வாழை.

தோட்டத்தின் பெயர்: சண்முகப்ரியா தோட்டம்.